பெஹாலாவின் மூதாதை: லட்சுமிகாந்தரின் வாழ்வும் குடும்பச் சான்றுகளும்

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியான பெஹாலாவில், டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய பரிஷா என்னும் பழைய ஊரில், சாவர்ண ராய் சௌதுரி என்னும் ஜமீன் குடும்பத்தின் கிளைகள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. சாவர்ணம் என்பது இக்குடும்பத்தின் கோத்திரப் பெயர். ராய், சௌதுரி ஆகியவை முகலாயர் காலத்தில் நிலவரி உரிமை பெற்றோருக்கு வழங்கிய பட்டங்கள். இக்குடும்பத்தின் நில உரிமைக்கு அடித்தளமிட்டவராகக் கருதப்படும் லட்சுமிகாந்த கங்கோபாத்யாயரின் வாழ்வை, வாய்மொழி மரபு, பரம்பரைப் பொருள்கள், எழுத்து ஆவணங்கள் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபு கூறும் வாழ்க்கை

குடும்ப மரபின்படி லட்சுமிகாந்தர் 1570-இல் காளிகட்டத்தில் பிறந்தார். பிறந்தவுடன் தாயை இழந்து, தந்தையும் துறவு பூண்டுவிட, காளி கோயிலைச் சார்ந்தோரிடம் வளர்ந்தார். பின்னர் யசோர் நாட்டின் வருவாய்த் துறையில் பணியாற்றி, ஜஹாங்கீர் ஆட்சியில், 1608-இல், எட்டுப் பர்கணாக்களின் வரி உரிமையைப் பெற்றார். பர்கணா என்பது பல ஊர்களை உள்ளடக்கிய வருவாய்ப் பிரிவு. அவருக்கு வழங்கிய மஜும்தார் என்னும் பட்டம் வருவாய்க் கணக்கைத் தொகுத்துக் காப்பவரைக் குறிப்பது.

வங்காளத்தில் இத்தகைய செய்திகளைக் காத்துவந்தவை குலஜி எனப்படும் குலவரலாற்று நூல்கள். கடக்கர் எனப்பட்ட திருமணத் தரகர்கள், கோத்திரமும் குலப்பெருமையும் அறிந்து மணம் பேசுவதற்காக இவற்றைப் பேணினர். பெருமையை நிலைநாட்டும் தேவையே இவற்றை எழுதச் செய்ததால், தந்தை மகன் வரிசைக்கு இவை பயன்படும் அளவுக்கு ஆண்டுக் கணக்கிற்குப் பயன்படுவதில்லை. ஆகவே லட்சுமிகாந்தரின் பிறப்பாண்டையும் உரிமை பெற்ற ஆண்டையும் மரபுச் செய்தியாக ஏற்று, வேறு சான்றுகளுடன் பொருத்திப் பார்ப்பதே முறையாகும்.

பொருள்களின் சாட்சியம்

பரிஷாவில் இன்றும் காணக்கூடிய முதன்மையான நினைவுச்சின்னம் ஆட்சாலா. எட்டுச் சரிவுகள் கொண்ட கூரையமைப்பை இச்சொல் குறிக்கும். பழைய கூரை மறைந்துவிட்டபோதிலும் தூண்கள் எஞ்சியுள்ளன. வரி தண்டும் கச்சேரியாகவும் வழிபாட்டு மண்டபமாகவும் ஓரிடமே விளங்கியதை அவை நினைவூட்டுகின்றன. இங்கு 1610-இல் லட்சுமிகாந்தரும் அவர் மனைவியும் தொடங்கியதாகக் கூறப்படும் துர்க்கா பூசை இன்றளவும் நடைபெறுகிறது. குடும்பம் கிளைத்தபோது பூசையும் கிளைத்து, பரிஷாவில் பல வீடுகளிலும் அதற்கு வெளியே விராட்டி, நிம்தா ஆகிய இடங்களிலும் நடத்தப்படுகிறது. எந்தக் கிளை எங்கே குடியேறியது என்பதை இந்தப் பூசை வீடுகளின் வரிசையே எடுத்துரைப்பதால், வழிபாடும் ஒருவகையில் வம்சாவளியாகிறது.

பரிஷாவிலுள்ள பெரிய வீட்டில், குடும்பத்தினர் நடத்தும் சாவர்ண சங்கிரகசாலை என்னும் அருங்காட்சியகம், பழைய புழங்குபொருள்களையும் பத்திரங்களையும் ஓரிடத்தில் திரட்டி வைத்துள்ளது. ஒரு பாத்திரமோ பெட்டியோ தனித்து நின்று தன் ஆண்டைச் சொல்வதில்லை. அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்ற குறிப்பு உடனிருக்கும்போதுதான் சான்றாகிறது.

1698-ஆம் ஆண்டுப் பத்திரம்

குடும்ப மரபும் அரசு ஆவணமும் சந்திக்கும் இடம் 1698 நவம்பரில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட பைநாமா, அதாவது கிரயப் பத்திரம். பின்னர் கொல்கத்தா நகரமாக வளர்ந்த கலிகாதா, சுதாநுதி, கோபிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் உரிமை 1,300 ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றப்பட்டதை இது பதிவுசெய்கிறது. மாற்றப்பட்டவை இவை என்று வாடகை, தரிசு நிலம், குளம், தோப்பு, மீன்பிடி உரிமை, காடு, அங்குக் குடியிருந்த கைவினைஞர் செலுத்தும் வரி ஆகியவற்றைப் பத்திரம் பட்டியலிடுகிறது. எழுதிக்கொடுத்த இக்குடும்பத்தினர் தம் பெயருடன் தந்தை, பாட்டன் பெயர்களையும் குறித்துள்ளனர்: ஜகதீசர் மகன் வித்யாதரர், அவர் மகன் ராம்சந்த், கௌரி மகன் காலேசுவரர், அவர் மகன் பிராணர்.

சட்டத் தேவைக்காக எழுதப்பட்ட இந்தப் பெயர் வரிசை ஆய்வாளருக்குப் பெரும்பேறு. தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் எனக் கொண்டால், பாட்டன்மார் செயல்பட்ட காலம் 1640-களை ஒட்டி அமையும். அதற்கு முந்தைய தலைமுறை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை எட்டும். மரபு லட்சுமிகாந்தருக்குத் தரும் காலமும் அதுவே. பத்திரம் அவர் பெயரைச் சொல்லாவிடினும், மரபின் கால வரிசை பொருந்துவதை இக்கணக்கு காட்டுகிறது.

உரிமையின் தன்மையும் இங்குக் கவனத்திற்குரியது. பத்திரம் எழுதப்பட்ட பின்னரும் கம்பெனி முகலாயக் கருவூலத்துக்கு ஆண்டுதோறும் வரி செலுத்திவந்தது. எனவே கைமாறியது மூன்று ஊர்களில் வரி தண்டும் ஜமீன் உரிமை மட்டுமே. மேலாட்சி முகலாயரிடமே நீடித்தது.

நகரத்தின் பிறப்பு பற்றிய தீர்ப்பு

1690 ஆகஸ்டு 24 அன்று சுதாநுதியில் கரையேறிய கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கே கொல்கத்தாவை நிறுவியவர் என்றும், அந்நாளே நகரின் பிறந்தநாள் என்றும் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்துவந்தன. ஆனால் சார்னாக் 1693-இல் இறந்துவிட்டார். பத்திரம் எழுதப்பட்டதோ அவர் இறந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு. அதற்கும் முன்னதாக, அக்பர் காலத்து அயினி அக்பரி கலிகாதாவை ஒரு வருவாய்ப் பிரிவாகவே குறிப்பிட்டுள்ளது. இக்குடும்பத்தின் அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், வரலாற்றறிஞர் குழுவின் அறிக்கையை ஏற்ற கல்கத்தா உயர் நீதிமன்றம், 2003 மே 16 அன்று, சார்னாக் நகரை நிறுவியவர் அல்லர் என்றும், நகருக்குப் பிறந்தநாள் என்று ஒன்றில்லை என்றும் தீர்ப்பளித்தது.

1639 ஆகஸ்டு 22-ஐச் சென்னையின் நாளாகக் கொண்டாடும் தமிழர்க்கு இதில் படிப்பினை உண்டு. கம்பெனி மானியம் பெற்ற நாள் ஒரு கோட்டையின் தொடக்கமேயன்றி, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஆகியவற்றின் தொடக்கம் அன்று. ஊர் எவ்வளவு பழையது என்பதைச் சொல்லும் சான்றுகள் பல, ஆவணக் காப்பகங்களில் இருப்பதைப் போலவே வீட்டுப் பெட்டிகளிலும் இருக்கின்றன. பழைய கிரயப் பத்திரங்களையும் பட்டாக்களையும் ஓலைச்சுவடிகளையும் வைத்திருக்கும் குடும்பங்கள், அவற்றைப் படியெடுத்து, எவரிடமிருந்து எவருக்கு வந்தவை என்ற குறிப்பையும் உடன் எழுதி வைக்க வேண்டும். பரிஷாவின் சான்றுகள் நகரின் வரலாற்றையே திருத்தப் பயன்பட்டது அவ்வாறு காத்து வைத்தவர்களால்தான்.