காற்று கொணர்ந்த அதிதிகள்

ஜப்பானியரின் தேநீர் உபசாரத்தைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலரும் அதன் மௌனத்தையும் நுணுக்கத்தையும் வியப்பர். எனக்கோ அதில் மிகப் பிரியமானது, 1591இல் மறைந்த சென் நோ ரிக்யூ செம்மைப்படுத்திய அம்மரபு பருவத்துக்குப் பணிந்து நடப்பதேயாகும். குளிர் நெருங்கும் நவம்பரில் தரையில் பதித்த அடுப்பைத் திறந்து நெருப்பை அதிதியின் அருகே கொணர்வதும், மே மாதத்தில் அதனை மூடிவிட்டுச் சிறு கணப்பொன்றை அவரினின்று விலக்கி வைப்பதும், வந்தவரின் தேகசுகத்தை வானிலையோடு சேர்த்தெண்ணும் பயிற்சிகளாம். இலங்கையின் புத்தளக் கரையில் இவ்வாறு வகுத்த விதிகள் இல்லை. ஆயினும் அதிதிகளைக் கொணர்ந்து சேர்த்தது காற்றாதலின், இங்கும் உபசாரம் பருவத்தை ஒட்டியே வளர்ந்தது.

1344ஆம் ஆண்டில் மாலைத்தீவினின்று சோழமண்டலக் கரையை நாடிப் புறப்பட்ட யாத்திரிகர் இப்னு பதூதாவின் மரக்கலம் திசை தப்பி இக்கரையை அணுகியபோது, அரசன் ஆரியச்சக்கரவர்த்தியின் கப்பல்களுக்கு அஞ்சிய மாலுமிகள் துறையினுள் நுழையத் தயங்கினர். காற்றின் சீற்றம் மிகவே, யாத்திரிகர் தாமே முன்சென்று அபயம் கேட்டார். பாரசீகம் அறிந்த அவ்வரசன் மூன்று நாள் விருந்தளித்து, தன் முத்துக்களைக் காட்டி மகிழ்வித்து, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்பிய அவருக்குப் பல்லக்கும், வழித்துணையாக 4 யோகிகளும், 3 பிராமணரும், 10 பரிவாரத்தாரும், உணவு சுமக்க 15 ஆட்களும் கொடுத்தனுப்பினான். இவ்வளவினும் மேலாக நான் மதிப்பது ஒன்றுண்டு: மலைக்குச் சென்றவர் மீளும்வரை அவருடைய கப்பல்தலைவனைத் தன் விருந்தினனாகவே வைத்துக்கொள்ள அரசன் உடன்பட்டான். முத்தளிப்பது செல்வமுடையார்க்கு எளிது. காத்திருப்பவனுக்கு நாள்தோறும் சோறிடுவதே உபசாரத்தின் மெய்யான அளவுகோல்.

அரசர் போயினர், பருவங்கள் போகவில்லை. களப்பின் உப்பை நாடி மலைநாட்டினின்று பொதிமாட்டுக் கூட்டங்கள் இறங்கி வந்தன. மேற்குக் கடல் தணியும் வாடைக்காலத்தில் தெற்கத்திய மீனவர் கற்பிட்டிக் கரையில் வாடி எனும் குடிசையமைத்துத் தங்குவர். சோளகம் எழுந்ததும் உடப்பு மக்கள் தாமே வலைகளோடு முல்லைத்தீவுப் பக்கம் பெயர்ந்து, பிறர் மண்ணில் விருந்தினராவர். கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகன் ஒருவன் மரத்தடியில் வைத்த திருவுருவத்தினின்று தோன்றியதாக ஐதிகம் கூறும் தலவில அன்னம்மாள் திருத்தலத்தில், 1843இல் நிறைவெய்திய ஆலயத்தைச் சூழ, ஆண்டுக்கு இருமுறை திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர் கூடாரமடித்துத் தங்குகின்றனர்.

தேயிலையோ இக்கரைக்கு அயலானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிடத் தொடங்கிய பின்னரே அது மலைநாட்டிற் பெருகிற்று. இன்று தென்னஞ்சோலை வீடுகளில் வந்தவர் கைக்கு முதலில் வருவது தேத்தண்ணீரே. கலியாண வீட்டிலோ முஸ்லிம் மக்கள் சகன் எனும் ஒரே பெருந்தட்டைச் சுற்றிப் பாயில் அமர்ந்து உண்பர்.

இவ்வுபசார மரபு கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1990 அக்டோபரில். வடமாகாணத்தினின்று விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் புத்தளத்தை அடைந்தனர். மன்னார்த் தீவினர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன, ஊரார் சமைத்து வழங்கினர். ஆனால் இவர்கள் காற்று மாறியதும் புறப்படக்கூடிய விருந்தினர் அல்லர். ஆண்டுகள் நீளவே, கிணற்று நீரையும் பள்ளி இடத்தையும் கூலி வேலையையும் பங்கிட நேர்ந்து, இருபுறத்தும் மனக்கசப்பு எழுந்தது. அதனை மறைப்பது அவ்வூராரின் பெருமைக்கு அழகன்று, ஏனெனில் தாமே எளியவராயிருந்தும் பருவக்கணக்கில் அடங்காத ஒரு விருந்தை அவர்கள் பல்லாண்டு சுமந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டனர்; பலர், புத்தளத்திலே பிறந்த மக்களோடும் பேரரோடும், அங்கேயே குடிகளாகி நிலைத்தனர்.