விடாது கருப்பு தொடரில் சொல்லாட்சியும் குறியீடுகளும்

விடாது கருப்பு என்பது 1997ஆம் ஆண்டு முதல் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தமிழ் மர்மத் தொடராகும். மர்மதேசம் என்ற பொதுத் தலைப்பின் கீழ் வந்த கதைகளுள், ரகசியம் என்ற கதையை அடுத்து இது வந்தது. கதையைச் சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024) எழுதினார், நாகா இயக்கினார். இத்தொடரில் மீண்டும் மீண்டும் வரும் குறியீடுகளையும் சொல் தேர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது. கதையின் முடிவும் இங்கு வெளிப்படுத்தப்படுகிறது.

கதைக் களம்

தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைச் சிற்றூரில் தவறு செய்வோரைக் காவல் தெய்வமான கருப்பு தண்டிப்பதாக ஊரார் நம்புகின்றனர். சிறுவன் ஒருவனின் இளமைக்காலமும் பிற்கால நிகழ்வுகளும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. சேத்தன் நடித்த இராஜேந்திரன் என்ற பாத்திரத்தின் மனப்பிளவே கருப்பாக உலவியது என்பது இறுதியில் தெரியவருகிறது. தேவதர்சினி, சி. கே. சரஸ்வதி முதலியோரும் நடித்துள்ளனர்.

தலைப்பின் இலக்கணம்

தொடருக்கு மூலமான புதினத்தின் பெயர் விட்டுவிடு கருப்பா என்பதாகும். அது விளி, அஞ்சிய ஒருவர் தெய்வத்தை நேரே அழைத்து இறைஞ்சும் குரல். தொடரின் தலைப்போ அதற்கு விடை கூறுவது போல் அமைந்துள்ளது. முன்னிலை படர்க்கையாகிறது, 'கருப்பா' என்ற ஆண்பால் விளி அஃறிணைப் பெயராக மாறுகிறது. 'கருப்பன் விடான்', 'கருப்பசாமி விடமாட்டார்' என்றிருப்பின் தண்டிப்பவர் ஒரு தெய்வம் என்பது உறுதியாகிவிடும். 'விடாது' என்ற அஃறிணை முற்று அதனை உறுதி செய்வதில்லை. பேயும் விடாது, நோயும் விடாது, பழியும் விடாது. ஆகவே கதையின் விடை முதல் நாளிலேயே தலைப்பில் இருந்தது எனலாம்.

மற்றொன்றும் உண்டு. 'விடாது' என்பது வினைமுற்றாக மட்டுமன்றி, 'விடாது பெய்த மழை' என்பதுபோல் எதிர்மறை வினையெச்சமாகவும் வரும். அவ்வாறு கொண்டால் தலைப்பு முடிவு பெறாத தொடராகிறது. எனினும் பார்வையாளர் பெரும்பாலோர் இதனை முற்றாகவே கொண்டனர்.

இவ்வஃறிணை வழக்கு தொடருக்காகப் புனையப்பட்டதன்று. ஒருவர் மீது அருள் இறங்கும்போது 'சாமி வந்துவிட்டது' என்றே ஊரார் கூறுவர். 'வந்துவிட்டார்' என்பது அரிது. சாமியாடும் நேரத்தில் ஆடுபவர் யார் என்ற வினாவை இவ்வழக்கு ஒத்திவைக்கிறது. இதே நிலையைத் தொடரில் வரும் மருத்துவ மொழி ஆளுமைப் பிளவு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேடு, பல்லாளுமை என்ற பழைய பெயரைக் கைவிட்டு, அடையாளச் சிதைவைக் குறிக்கும் புதிய பெயரைச் சூட்டியது. தொடர் இவ்விரு மொழிகளையும் அருகருகே வைத்துச் செல்வது அதன் சிறப்பாகும்.

கருப்பும் கறுப்பும்

நிறத்தைக் குறிக்குமிடத்து 'கறுப்பு' என வல்லின றகரத்துடன் எழுதுவதே மரபு. கறுப்பு என்ற சொல் சினத்தையும் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. இடையின ரகரத்துடன் வரும் 'கருப்பு' என்பதற்குப் பழைய அகராதிகளில் பஞ்சம் என்ற பொருளுண்டு. தெய்வப் பெயரில் ரகரமே பெருவழக்கு. பேச்சில் இவ்விரு ஒலிகளும் பெரும்பாலும் வேறுபடாமையால் நிறம், சினம், தெய்வம் ஆகிய மூன்றும் ஒரே ஒலியில் கலக்கின்றன. (கரும்பின் சாற்றைக் கருப்பஞ்சாறு என்பதும் உண்டு, அது இங்குத் தொடர்பற்றது.)

குதிரை, அரிவாள்

உருவத்திற்கு முன் ஒலி வருவது இத்தொடரின் உத்தி. குதிரையின் குளம்பொலி முதலில் கேட்கும், ஊரார் கதவடைப்பர். கோயிலில் நிற்கும் மண்குதிரை அசையாதது, இரவில் ஓடும் குதிரை உயிருள்ளது. நம்பிக்கை எவ்விடத்தில் ஒரு மனிதனின் செயலாக மாறுகிறது என்பதை இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவு காட்டுகிறது. காவலுக்குரிய அரிவாளே கொலைக் கருவியாகவும் ஐயுறப்படுவது இன்னொரு முரண். ரகசியம் கதையில் பைரவரின் ஊர்தியான நாய் இதற்கு இணையான இடத்தைப் பெறுகிறது.

சேலம், நாமக்கல் வட்டார வழக்கு

இச்சமவெளியில் இத்தெய்வம் கருப்பனார், கருப்பண்ணசாமி என மரியாதை விகுதியுடன் அழைக்கப்படுகிறது. காவிரிக் கரையிலுள்ள மோகனூர் நாவலடி கருப்பண்ணசாமி கோயில் இங்குப் பெயர் பெற்றது. பல குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். களவு போனாலோ வரப்புத் தகராறு எழுந்தாலோ கருப்பனார் முன் சத்தியம் செய்யச் சொல்வது ஊர்களில் அறியப்பட்ட வழக்கம். பொய்ச்சத்தியம் செய்தவரைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்பதால் அடுத்தவர் கை ஓங்கத் தேவையில்லை. தொடரில் குலைவது இந்த ஏற்பாடே: தெய்வத்திடம் விடப்பட்ட தண்டனையை ஒரு மனிதனின் கை நிறைவேற்றுகிறது. விகுதியற்ற வெறும் 'கருப்பு' என்ற பெயர் இவ்வட்டாரச் செவிக்குச் சற்றுக் கடுமையாகவே ஒலிக்கும். அக்கடுமை கதைக்கு உதவுகிறது.

பிற்கால வழக்கு

ஒளிபரப்பு முடிந்த பின்னரும் தலைப்பு ஒரு மரபுத்தொடர் போல் நிலைத்தது. ஒருவரை விடாமல் துரத்தும் வழக்கு, கடன், வதந்தி முதலியவற்றைக் குறிக்க இதனைப் பயன்படுத்துவர். அவ்விடங்களில் தெய்வம் நினைவுக்கு வருவதில்லை. அஃறிணை வினை மட்டும் எஞ்சியுள்ளது.