குரலும் பெயரும்: எல்.ஆர். ஈஸ்வரியின் இசைவாழ்வு – ஒரு வரலாற்று நோக்கு

எட்டுத்தொகையுள் இசைப்பாட்டாகவே அமைந்த நூல் பரிபாடல். அதன் பாடல்கள் பலவற்றின் அடியில் முன்னோர் குறிப்பொன்றினை எழுதிவைத்துள்ளனர். இயற்றிய புலவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்னும் மூன்று செய்திகளை அக்குறிப்பு தருகின்றது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கவிஞனின் பெயரோடு இசையமைத்தவன் பெயரையும் போற்றி வைத்த மொழி தமிழ் என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால், அப்பாட்டினை அவையில் பாடிக்காட்டிய குரல் யாருடையது? அதற்கு அக்குறிப்பில் இடமில்லை. பொருநராற்றுப்படை பாடினியின் அழகைக் கூந்தல் முதல் அடிவரை விரித்துரைக்கின்றது. அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. விறலி, பாடினி என்னும் குலப்பெயர்களுள் எத்தனையோ பெண்களின் தனிப்பெயர்கள் கரைந்து போயின.

இக்குறை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. இசைத்தட்டும் பேசும்படமும் வந்த இருபதாம் நூற்றாண்டிலும் அது வேறுவேறு வடிவில் தொடர்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள, ஆடற்பாட்டின் குரலாகத் தமிழகம் அறிந்த எல்.ஆர். ஈஸ்வரியின் இசைவாழ்வு நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

கோஷ்டியிலிருந்து தனிக்குரலுக்கு

1939ஆம் ஆண்டு சென்னையில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அவர்தம் அன்னையார் ஜெமினி படநிலையத்தில் கோஷ்டிப் பாடகியாகப் பணியாற்றியவர். அன்னையோடு சென்ற மகளும் கோஷ்டியில் நின்று பாடத் தொடங்கினார். ‘மனோகரா’ (1954) படப் பாடலில் ஒலித்த பல குரல்களுள் அவர் குரலும் ஒன்று. கோஷ்டியில் பாடுவோர் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் வருவதில்லை. பெயரற்ற நிலையிலிருந்தே அவர் பயணம் தொடங்கியது என்பது உளங்கொளத்தக்கது.

1958இல் வெளிவந்த ‘நல்ல இடத்துச் சம்பந்தம்’ படத்தில் இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன் அவரைத் தனிக்குரலாகப் பாடவைத்தார். அப்போது எம்.எஸ். ராஜேஸ்வரி என்னும் பாடகி புகழோடு விளங்கியமையால், ஏ.பி. நாகராஜன் இவர் பெயரை எல்.ஆர். ஈஸ்வரி என்று மாற்றியமைத்தார். லூர்தும் ராஜேஸ்வரியும் இரண்டு தலைப்பெழுத்துகளாய்ச் சுருங்க, எஞ்சியது ஈஸ்வரி. பின்னாளில் அம்மன் சந்நிதிகளில் முழங்கப்போகும் குரலுக்கு அம்மனின் பெயரே வாய்த்தது தற்செயலே எனினும் பொருத்தமானது.

1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தின் திருமணப் பாட்டு அவரை ஊரறியச் செய்தது. விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில் கண்ணதாசன் யாத்த அப்பாட்டு, திரையைவிட்டு இறங்கித் தமிழ்நாட்டுத் திருமண வீடுகளின் சடங்குப் பாட்டாகவே ஆகிவிட்டது.

ஆடற்பாட்டும் அதன் மேலேற்றிய இழுக்கும்

அக்காலத் திரையிசையில் எழுதப்படாத பாகுபாடு ஒன்று நிலவியது. கற்புடைக் கதைத்தலைவிக்கு ஒரு குரல். விடுதியில் ஆடுபவளுக்கும் நகைச்சுவைப் பெண்ணுக்கும் வேறு குரல். முன்னதற்குப் பெரும்பாலும் பி. சுசீலா, பின்னதற்கு ஈஸ்வரி. ‘கருப்புப் பணம்’ (1964) படத்தின் நடனப் பாட்டும், ‘சிவந்த மண்’ (1969) படத்தில் சாட்டையொலிக்கிடையே எழும் பாட்டும் அவரை இந்த எல்லைக்குள் நிலைநிறுத்தின. இந்த எல்லை அவர் திறத்தினால் விதிக்கப்பட்டதன்று. ‘பாத காணிக்கை’ (1962), ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) ஆகிய படங்களில் சுசீலாவும் ஈஸ்வரியும் இணைந்து பாடிய பாடல்களைக் கேட்போர், இரு குரல்களும் தம்முள் ஒத்த தகுதியோடு நடப்பதை உணர்வர். ஆகவே, பாகுபாடு குரலில் இல்லை. கதைமாந்தரின் ஒழுக்கம் பற்றி நாம் கொண்டிருந்த கருத்தில் இருந்தது. அக்கருத்தின் இழுக்கினைப் பாடகியும் சுமக்க நேர்ந்தது.

மொழி நோக்கில் அவர் செய்தது என்ன என்பதையும் காணல் வேண்டும். ‘பணமா பாசமா’ (1968) படத்தில் இலந்தைப் பழம் விற்பவளின் பாட்டில் ழகரம் யகரமாக ஒலிக்கின்றது. சென்னைத் தெருவின் பேச்சொலியைப் பிசகாமல் இசைக்குள் கொண்டுவந்த குரல் அது. ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு அவர் பாடிய பாட்டிலோ நம் தென்பாண்டிக் கடற்புறத்து வழக்கு அச்சொட்டாக ஒலிக்கின்றது. இரண்டையும் எழுதியவர் கண்ணதாசன். இசை முன்னதற்குக் கே.வி. மகாதேவன், பின்னதற்கு எம்.எஸ். விசுவநாதன். ஏட்டில் அவை சொற்கள். அவற்றைச் சந்தைக்காரியாகவும் கடற்புறத்துப் பெண்ணாகவும் ஆக்கியது ஈஸ்வரியின் நாவும் மூச்சும். தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றாரே, அந்த நகையும் அழுகையும் வெகுளியும் உவகையும் சொல்லுக்கு வெளியே, ஒரு சிரிப்பில், ஒரு பெருமூச்சில், தொண்டையின் ஒரு வெட்டில் அவர் பாட்டில் பிறக்கின்றன. அவற்றை எந்தக் கவிஞரும் எழுதித் தரவில்லை.

கோயிற்கொடையில் அதே குரல்

1970களின் நடுப்பகுதியிலிருந்து திரையில் அவர் பாட்டு குறைந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா வந்தபின் திரையிசையின் போக்கும் குரல்களும் மாறின. ஆனால், ஈஸ்வரியின் குரல் ஓயவில்லை. தனிப்பாடல்களாக அவர் பாடிய அம்மன் பாட்டுகள் இசைத்தட்டிலும் பின்னர் ஒலிநாடாவிலும் பரவின. 

கடனாநதி பாயும் நம் ஆழ்வார்குறிச்சியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்கொள்வோம். அம்மன் கொடை என்றால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம் என்பது நம் மரபு. அவற்றுக்கு முன்னே மைக் செட்டின் கூம்புக் குழாய்கள் பனையிலும் வேம்பிலும் ஏறிவிடும். தாழ்ந்த ஒலிகளை விழுங்கி இடைநிலை ஒலிகளை உரத்து எறிவது அக்குழாயின் இயல்பு. அதற்கென்றே அமைந்தது போன்றது ஈஸ்வரியின் கணீரென்ற குரல். வயல்வெளி கடந்து அடுத்த ஊருக்கும் கொடையை அறிவித்தது அக்குரல்தான். விடுதி நடனத்திற்கு உரியது என ஒதுக்கப்பட்ட அதே மூச்சு, அதே துள்ளல், அதே உரம், பூச்சட்டி ஏந்திய பெண்களுக்கு அருள் வருவிக்கும் ஆற்றலாயிற்று. பாடியவர் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைத் தமிழர் அறிந்தே ஏற்றனர். உடலை ஆடவைக்கும் பாட்டு இழிந்தது என்னும் ஏட்டுக் கருத்தை ஊர்மக்கள் தம் சாமியாட்டத்தால் மறுத்துவிட்டனர் எனலாம்.

2011இல் ‘ஒஸ்தி’ படத்தில் நடனப் பாட்டோடு அவர் திரும்பி வந்தார். 2020இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் அம்மனுக்கே பாடினார். இரு துறையும் ஒரு குரலுக்குள் ஒன்றானமைக்கு இவை சான்று.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

ஈஸ்வரிக்கு வாய்த்த ஒரு நன்மையையும் மறத்தலாகாது. கோஷ்டியைக் கடந்தபின் அவர் பெயர் படத்திலும் இசைத்தட்டிலும் பதிவாயிற்று. இது தானாக வந்த உரிமையன்று. 1949இல் வந்த ‘மகல்’ என்னும் இந்திப் படத்தின் இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதைமாந்தரான காமினியின் பெயரே இருந்தது.

மேனாட்டில் இந்நிலை 1990களையும் எட்டியது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடன அரங்கைச் சார்ந்து 1980களில் வளர்ந்தது ‘ஹவுஸ்’ எனப்படும் ஆடலிசை. பழைய இசைத்தட்டிலிருந்து குரலை வெட்டியெடுத்து இயந்திரத் தாளத்தோடு ஒட்டுதல் அதன் முறைகளுள் ஒன்று. லோலியாட்டா ஹாலோவே என்னும் கறுப்பினப் பாடகி 1980இல் பாடிய குரலை எடுத்து, ‘பிளாக் பாக்ஸ்’ என்னும் இத்தாலியக் குழு 1989இல் வெளியிட்ட பாட்டு இங்கிலாந்தில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. திரையில் வாயசைத்தவர் வேறொரு பெண். அடுத்த ஆண்டு மார்த்தா வாஷ் என்னும் பாடகிக்கும் இதுவே நேர்ந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். உடன்பாட்டின் விளைவாக, குரல் மார்த்தா வாஷுடையது, தோற்றம் மற்றொருவருடையது என்னும் குறிப்பு ஒளிக்காட்சியில் சேர்க்கப்பட்டது. பரிபாடலின் அடிக்குறிப்பில் விடுபட்ட வரி ஒருவகையில் அங்கே எழுதப்பட்டது என்பேன்.

நாம் செய்யத்தக்கது

நம் வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதையைப் போற்றி வருகின்றது. கவிஞர் பெயரைக் காப்பதில் நமக்குள்ள அக்கறை பாடுவோர் பெயரிலும் வேண்டும். ஈஸ்வரியின் இசைத்தட்டு ஊரெங்கும் ஒலித்தபோது, அதே கொடைகளில் முளைப்பாரியைச் சுற்றிவந்து கும்மிப் பாட்டுப் பாடிய நம் ஊர்ப் பெண்களின் குரல் மெல்ல அமுங்கியது. குழாய் ஓயும் இடைவேளையில்தான் அவர்கள் பாட்டுக்கு இடம் கிடைத்தது. இதனை ஈஸ்வரியின் குற்றம் என்பார் எவருமிலர். ஆயினும் இழப்பு இழப்பே. நாட்டுப்பாடல் தொகுப்புகள் பலவற்றில் சேகரித்தவர் பெயரும் ஊரும் காணப்படும். பாடிய பெண்ணின் பெயர் காணப்படாது. கோஷ்டியில் நின்ற லூர்து மேரிக்குப் பின்னாளில் ஒரு பெயர் கிட்டியது. நடவு வயலிலும் இழவு வீட்டிலும் பாடியவர்களுக்கு அதுவும் கிட்டவில்லை.

எனவே, கடனாநதிக் கரையின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் இனித் தொகுக்கப் புகும் வட்டத்து அன்பர்கள், பாடியவரின் இசைவு பெற்று, அவர் பெயரையும் பாடிய ஆண்டையும் பாட்டின் தலைப்பிலேயே எழுதுதல் வேண்டும். அவர் குரலையும் பதிந்து வைத்தல் வேண்டும். எழுத்தில் அடங்காத சிரிப்பும் விம்மலும் அதில்தான் எஞ்சும். வரும் பத்தாண்டில் நாம் தொடங்கத்தக்க முதற்பணி இதுவே.