எச்.ஐ.வி. சட்டம், 2017: பாகுபாட்டுக்குத் தடை உண்டு, தண்டனை இல்லை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில், பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அரசின் தொடக்ககால எதிர்வினை மருத்துவத்தைவிடக் காவல்துறைக்கே நெருக்கமாக இருந்தது. தொற்றுள்ளோரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தக் கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் இடமளித்தது. 1989இல் டொமினிக் டிசோசா அவ்வாறு அடைத்துவைக்கப்பட்டார்; அவருடைய தாயார் தொடுத்த வழக்கில் அந்த அதிகாரம் செல்லும் என்றே பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 1992இல் உருவானது. இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. உரிமைகள் சட்டமாக மேலும் 13 ஆண்டுகள் ஆயின.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, வேலை, சிகிச்சை, கல்வி, வாடகை வீடு, பொது வசதிகள் ஆகியவற்றை மறுப்பதையும் ஒதுக்கிவைப்பதையும் தடைசெய்கிறது. சேரியிலிருந்து வரும் எவருக்கும் இப்பட்டியல் புதிதன்று. தீண்டாமையின் பட்டியலே இது. ஆனால் விளைவில்தான் வேறுபாடு. தீண்டாமையின் பேரில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க மறுத்தால், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. எச்.ஐ.வி.யின் பேரில் அதே கதவை அடைத்தால், அம்மறுப்புக்கென்று சிறைத்தண்டனை இல்லை. வெறுப்பைப் பரப்புவோருக்கு 4ஆம் பிரிவின்கீழ் தண்டனை உண்டு, மறுப்பவருக்கு இல்லை. சிகிச்சை வழங்கும் கடமையிலும் ‘இயன்றவரை’ என்ற சொல்லைச் சேர்த்து அரசு தனக்கொரு வாசலைத் திறந்துவைத்துக்கொண்டது.

ஆகவே எல்லாச் சுமையும் குறைதீர்ப்பாளர்மீது விழுகிறது. ஒவ்வொரு மாநில அரசும் அவரை நியமித்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்லர், எவரும் அவரிடம் புகார் அளிக்கலாம். மாணவர் அமைப்புகள் இதனைக் கவனிக்க வேண்டும். 30 நாளுக்குள் ஆணை வர வேண்டும்; மருத்துவ அவசரமெனில் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். ஆணையை மீறினால் ரூ.10,000 வரையும், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 வரையும் அபராதம். பெரிய தனியார் மருத்துவமனைக்கு முதல் தொகை ஒரு பொருட்டல்ல. நாள்கணக்கில் ஏறும் இரண்டாவது தொகையே உறுத்தும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்தில் புகார் அலுவலரும் இருக்க வேண்டும். அவர் பெயரை எழுத்தில் கேட்பதே முதல் வேலை.

மறுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினரானால் நாம் இன்னொன்றையும் ஆராய வேண்டும். மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பது, 2015 திருத்தத்திற்குப்பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜெட்.ஏ.) பிரிவில் குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. மறுத்தவர் நோயைத்தான் காரணம் காட்டுவார், சாதியைச் சொல்லமாட்டார். பேசப்பட்ட சொற்கள், உடனிருந்தோர், அதே நாளில் பிறர் நடத்தப்பட்ட விதம் ஆகியவற்றை அன்றே குறித்துவைத்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமே பலரைப் புகாரிலிருந்து தடுக்கிறது. 34ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது: புனைபெயரில் வழக்கு நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், அடையாளத்தை வெளியிடத் தடைகோரவும் முடியும். மனுவைத் தாக்கல் செய்யும்போதே இவற்றைக் கேட்டுவிட வேண்டும். பெயர் ஒருமுறை வெளியானபின் கேட்டுப் பயனில்லை.