வெள்ளைக்கழிச்சலும் ஒரு சொட்டு மருந்தும்

எங்கள் நாமக்கல் பக்கம் வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் கொடாப்பே காலி. செத்த கோழிகளை அப்பத்தா கூடை கூடையாகக் குழிக்குள் கொட்டியதைப் பார்த்தவன் நான். புத்தகத்தில் இதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டார்கள். அப்புறம் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட் ஊரில். அதே மலைப்பக்கம், முக்தேஸ்வரில், 1940-களில் தடுப்பூசியும் பிறந்தது. கருவுள்ள கோழிமுட்டைக்குள் கிருமியை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள். முழுதாக அடங்கவில்லை, அதனால் அது இளங்குஞ்சுக்கு ஆகாது.

ஆகவே முதல் வாரத்தில் இன்னும் சாதுவான வேறொரு ரகம், கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சு இமைக்கும்வரை கையிலிருந்து விடக் கூடாது. அவசரக்காரனுக்கு இந்த வேலை ஒத்துவராது. எட்டாவது வாரம் அந்த முக்தேஸ்வர் ஊசி. மருந்து ஐஸ் பெட்டியிலேயே இருக்க வேண்டும். கழிச்சல் கண்டபின் ஓடிப் பயனில்லை, முன்பே போட்டுவிடுங்கள்.