இணையவழித் தொடர் மருந்துச் சீட்டு

ஒரு நோய்க்கு ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தை, மருத்துவமனைக்கு நேரில் போகாமல், காணொளியிலோ தொலைபேசியிலோ எழுத்து வழியிலோ மருத்துவரிடம் பேசி மீண்டும் எழுதி வாங்குவதே இணையவழித் தொடர் மருந்துச் சீட்டு. இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு, ஆஸ்துமா என்று ஆண்டுக்கணக்கில் மருந்து கேட்கும் நோய்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. இந்தியாவில் இதற்கு எழுத்து வடிவில் விதிகள் வந்தது 2020 மார்ச் 25 அன்று. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய நாளும் அதுவே.

அதற்கு முன்பு தொடர் மருந்து எப்படி வாங்கப்பட்டது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் மாலை ஆறு மணிக்குப் போய் நின்றால் போதும். மடித்து மடித்து நான்காகக் கிழியும் நிலையில் உள்ள சீட்டு ஒன்றை ஒருவர் நீட்டுவார். இன்னொருவர் சீட்டே இல்லாமல் தீர்ந்துபோன அட்டையைக் காட்டி, "இதே பிரஷர் மாத்திரை, ஒரு பத்து நாளைக்கு" என்பார். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருவார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், காலாவதித் தேதி கடையில் மிஞ்சிய துண்டோடு போயிருக்கும். அடுத்த மாதம் அந்தப் பாதிப் பெயரே சீட்டாகிவிடும்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65-ஆவது விதி, அட்டவணை எச்-இல் உள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்கிறது. சீட்டில் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். பலரும் அறியாத இன்னொரு நிபந்தனையும் அந்த விதியில் உண்டு. மீண்டும் தரலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று அவர் குறித்திருந்தால் அதன்படி மட்டுமே தர வேண்டும். ஆக, தொடர் மருந்துச் சீட்டு என்ற ஏற்பாடு இணையத்தோடு பிறந்ததல்ல. மருத்துவர் ஒரு வரி சேர்த்து எழுதினால் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அது சாத்தியமாக இருந்தது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்த ஒரு வரியை எழுத நேரம் இருந்ததில்லை, கேட்டு வாங்க வேண்டும் என்று நோயாளிக்குத் தெரிந்ததும் இல்லை.

தொலைபேசியில் மருந்து சொல்வது நெடுங்காலம் மருத்துவருக்கும் ஆபத்தாகவே இருந்தது. நோயாளியை நேரில் பார்க்காமல் தொலைபேசி வழியே சிகிச்சை சொன்னது தொடர்பான வழக்கு ஒன்றில், 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. மருத்துவ உலகில் அது பெரும் அச்சத்தைக் கிளப்பியது. கொரோனா வந்து கிளினிக்குகள் மூடிக்கிடந்தபோது இந்தத் தயக்கம் நோயாளிகளின் உயிரோடு தொடர்புடையதாகிவிட்டது. அப்போது இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் செயல்பட்ட ஆளுநர் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளோடு ஐந்தாம் பின்னிணைப்பாக அவை சேர்க்கப்பட்டன.

தொடர் மருந்து வாங்குவோருக்கு அந்த வழிகாட்டுதல்களில் உயிர்நாடியான பகுதி, ஓர் ஆலோசனையை எப்போது 'தொடர் ஆலோசனை' என்று கொள்வது என்ற விளக்கம்தான். அதே மருத்துவரை, அதே நோய்க்காக, கடந்த ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிவிட்டால், பத்து வருடம் பழகிய மருத்துவராக இருந்தாலும் கணக்கில் அது முதல் ஆலோசனையே. புதிய அறிகுறி தோன்றி, அது பழைய நோயோடு சேராததாக இருந்தாலும் அப்படியே. முந்தைய சிகிச்சையின் விவரம் மருத்துவருக்கு நினைவில் இல்லை என்றாலும் அது தொடர் ஆலோசனை ஆகாது. இந்தக் கடைசி நிபந்தனை கவனித்துப் படிக்க வேண்டியது. நோயாளியின் கையில் உள்ள சீட்டு மட்டும் போதாது, அந்த உடம்பின் கதை தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

மருந்துகளும் அதற்கேற்பப் பிரிக்கப்பட்டுள்ளன. பாராசிட்டமால், உப்பு சர்க்கரைக் கரைசல் போன்றவை 'ஓ' பட்டியல், இவற்றை எந்த வழியிலும் சொல்லலாம். 'ஏ' பட்டியலில் உள்ளவற்றை முதல் ஆலோசனை காணொளியாக இருந்தால் எழுதலாம், தொடர் ஆலோசனையில் மீண்டும் நிரப்பித் தரலாம். மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு, எனலாபிரில், அட்டெனலால் என்று நம் வீட்டு மாத்திரை டப்பாக்களில் கிடப்பவை பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. 'பி' பட்டியல், ஓடிக்கொண்டிருக்கும் மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதற்கானது. மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டினைச் சேர்ப்பது இதற்கு எடுத்துக்காட்டு. அதைத் தொடர் ஆலோசனையில் மட்டுமே செய்யலாம். மருந்துகள் விதிகளின் அட்டவணை எக்ஸ்-இல் உள்ள மருந்துகளும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் வருபவையும் இணையவழியில் எழுதத் தடை செய்யப்பட்டவை. மார்ஃபின், கோடீன் மட்டுமல்ல, 'தூக்க மாத்திரை' என்று பலர் கேட்கும் அல்பிரசோலமும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளதுதான். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளுக்குப் பின்னர் விலக்குக் கிடைத்தது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, அதே மாத்திரைதானே என்ற கேள்வி இயல்பாக எழும். மாத்திரை அதேதான், உடம்பு அப்படியே இருப்பதில்லை. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மிகவும் குறைந்துவிட்டால் அதை நிறுத்தியாக வேண்டும். கிளிபென்கிளமைடு உடலில் நெடுநேரம் வேலை செய்யும். வயதானவருக்குச் சாப்பாடு குறைந்து சிறுநீரகமும் தளர்ந்த நிலையில் அதே அளவைத் தொடர்ந்தால், இரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் நிலை வரலாம். எனலாபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். அந்த இருமலுக்குத் தனியாக ஒரு சிரப் வாங்கி மாதக்கணக்கில் குடிப்பவர்கள் உண்டு, காரணம் தலைமாட்டில் இருக்கும் பிரஷர் மாத்திரை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே எனலாபிரிலை எடுத்துக்கொண்டிருக்கும் இளம்பெண் கருவுற்றால், அது கருவைப் பாதிக்கும் என்பதால் உடனே மாற்ற வேண்டும். வழிகாட்டுதல்களோடு தரப்பட்டுள்ள மாதிரிச் சீட்டில் கடைசி மாதவிடாய்த் தேதிக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் அந்தக் கட்டம் ஒரு குழந்தையைக் காக்கக்கூடியது.

ஆஸ்துமா இன்னும் நுட்பமானது. சால்பியூட்டமால் இன்ஹேலர் உடனடி நிவாரணத்துக்கானது. நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு அது எப்போதாவதுதான் தேவைப்படும். ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் இன்ஹேலர் தீர்ந்துபோனால் கடும் மூச்சுத்திணறல் வரும் அபாயம் கூடுகிறது என்றும், மாதம் ஒன்று என்ற கணக்கில் தீர்ந்தால் உயிருக்கே அபாயம் கூடுகிறது என்றும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் எச்சரிக்கின்றன. அதாவது, "போன மாதம் வாங்கினது தீர்ந்துபோச்சு, இன்னொன்று எழுதிக் கொடுங்க" என்ற கோரிக்கையே ஒரு நோய்க்குறி. அதைக் கேட்டதும் இன்னொன்றை எழுதித் தருபவர் வேண்டுமா, ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று கேட்பவர் வேண்டுமா என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

நல்ல தொடர் ஆலோசனை ஒன்று எப்படி இருக்கும்? மருத்துவர் முதலில் பெயரையும் வயதையும் கேட்டு உறுதி செய்துகொள்வார், தன் பெயரையும் தகுதியையும் சொல்வார். இரு பக்கத்திலும் யாரும் அடையாளம் மறைத்துப் பேசக் கூடாது என்பது விதி. பிறகு, "அம்மா, நீங்க சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து கேமராகிட்ட காட்டுங்க" என்பார். இந்த இடத்தில்தான் உண்மை வெளிவரும். நான்கு அட்டைகள் வரும் என்று நினைத்தால் ஆறு வரும். ஒன்று மூட்டு வலிக்கு மகன் வாங்கிக் கொடுத்த டைக்ளோஃபினாக். பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் வாட்டும் மருந்து அது. நேரில் போகும்போது பையில் எடுத்துப்போக மறந்திருக்கும் அந்த அட்டை, வீட்டிலிருந்து பேசுவதால் அலமாரியிலிருந்து இறங்கி வருகிறது. இணைய ஆலோசனை நேர் ஆலோசனையை விஞ்சி நிற்கும் அரிய இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து அளவுகள். வீட்டில் பிரஷர் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் பார்த்து, ஒரு வாரக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்திருந்தால் போதும். கிளினிக்கில் அவசரமாக எடுத்த ஒற்றை அளவைவிட அது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., எனலாபிரில் எடுப்பவர்களுக்குக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் என்று, கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்பதைக் கேட்காமல் எழுதித் தரும் சீட்டு வெறும் நகல்.

எழுதப்படும் சீட்டில் மருத்துவரின் பெயர், தகுதி, பதிவு எண், முகவரி, தேதி, நோயாளியின் பெயர், வயது, பாலினம் இருக்க வேண்டும். மருந்தின் மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கையெழுத்திட்ட சீட்டின் படத்தையோ மின்சீட்டையோ நோயாளிக்கு அனுப்ப வேண்டும். நேராகக் கடைக்கு அனுப்புவதானால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் தேவை, எந்தக் கடையில் வாங்குவது என்பதும் அவர் விருப்பம். மூலப்பெயர் இருப்பதால் அதே சீட்டைக் கொண்டு அரசின் மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கேட்டு வாங்கவும் வழி உண்டு.

அரசுத் தரப்பில் இணையவழி ஆலோசனைக்கு வழி திறந்தது இ-சஞ்சீவனி. மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய தொலைமருத்துவத் தளம் இது. 2019 நவம்பரில் நலவாழ்வு மையங்களைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கும் ஏற்பாடாகத் தொடங்கி, 2020 ஏப்ரல் 13 முதல் நோயாளிகளே நேராகப் பேசும் புறநோயாளிப் பிரிவாகவும் விரிந்தது. கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், டோக்கன் விழும், முறை வந்ததும் மருத்துவர் திரையில் தோன்றுவார், முடிவில் சீட்டை இறக்கிக்கொள்ளலாம். முதல் சில மாதங்களில் இதை மிக அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது.

தமிழ்நாடு வேறொரு வழியையும் கண்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்ப் பிரஷர், சுகர் மாத்திரைகளைத் தருகிறார்கள். கைபேசியே இல்லாத பாட்டிக்கும் மாத்திரை போய்ச் சேர்கிறது, வாசலில் நிற்பவர் அவரது முகத்தையும் காலையும் பார்க்கிறார். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. திரையால் எட்ட முடியாத இடம் எது என்பதை இந்த ஏற்பாடு தெளிவாகக் காட்டுகிறது.

தனியார் செயலிகளின் உலகில்தான் கவலை அதிகம். மருந்தை முதலில் கூடையில் போட்டுவிட்டு, "சீட்டு இல்லையா? எங்கள் மருத்துவர் அழைப்பார்" என்ற பொத்தானை அழுத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிகிறது. பேசியவர் நோயாளியை அதற்கு முன் கண்டதில்லை, பேச்சிலும் காணொளி இல்லை, ஆனாலும் சீட்டு வந்துவிடுகிறது. விதிப்படி இது முதல் ஆலோசனை, காணொளி இல்லாமல் 'ஏ' பட்டியல் மருந்தை எழுத முடியாது. உரிய நோயறிதல் இல்லாமல் மருந்து எழுதுவது தொழில்முறைத் தவறு என்றும், செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாமே தவிர அதுவே ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் வழிகாட்டுதல்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. வாங்குவது முதலில், வைத்தியம் பிறகு என்ற இந்த வரிசை தலைகீழானது, இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

மருந்தை இணையத்தில் விற்பதற்கான சட்டமும் அரைகுறையாகவே நிற்கிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், விதிகள் இறுதியாகும் வரை இணைய விற்பனை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார், அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. தொலைமருத்துவத்துக்கும் 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்து, மூன்று வாரத்துக்குள் அவற்றை நிறுத்திவைத்தது.

வெளிநாட்டுத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரம்பும் இதில் உண்டு. இந்திய வழிகாட்டுதல்கள் நாட்டு எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைக்குப் பொருந்தாதவை. துபாயில் இருக்கும் மகன், நெல்லையில் உள்ள தாய்க்காகப் பராமரிப்பாளர் என்ற முறையில், தாயின் முறையான ஒப்புதலோடு சென்னை மருத்துவரிடம் பேசலாம். தன் சொந்தப் பிரஷர் மாத்திரைக்கு அவர் அங்குள்ள மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது மாதக்கணக்கான மாத்திரையைப் பெட்டியில் வைத்துக் கட்டும் பழக்கம் உள்ளவர்கள், மூலப்பெயரும் அளவும் மருத்துவரின் பதிவு எண்ணும் உள்ள சீட்டு ஒன்றையும், கடைசிப் பரிசோதனைத் தாளையும் அதே பெட்டியில் வைத்தால், அங்குள்ள மருத்துவர் முதல் நாளே சரியாக எழுத அவை உதவும்.