நஞ்சு சுமந்த கருவறை

ஒரு நாட்டின் கைத்தொழில் வளர்ச்சியை அளப்போர் உற்பத்தித் தொகையையும் இலாபத்தையும் எடுத்துக்காட்டுவர். அவ்வளர்ச்சிக்காகக் கருவுற்ற தாய்மார் கொடுத்த விலையை எந்தக் கணக்கேட்டில் நாம் தேடுவது? யப்பானின் மினமாட்டாக் கடற்கரையின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

கியூஷூத் தீவிலுள்ள மினமாட்டாவில், பின்னாளிற் சிஸ்ஸோ எனப் பெயர்பெற்ற கம்பெனியின் இரசாயனத் தொழிற்சாலை 1932ஆம் ஆண்டிலே அசற்றல்டிகைட் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி மீதைல் பாதரசமாக மாறி, கழிவுநீரோடு குடாக்கடலிற் கலந்தது. மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. அம்மீனே கடற்றொழிலாளரின் அன்றாட உணவு.

முதலிற் பூனைகள் வெறிகொண்டு துள்ளி மடிந்தன. 1956ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி மனிதரிடத்தும் அந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. கை கால் மரத்தன, நாக் குழறியது, பார்வை குறுகியது. தொற்றுநோயென அஞ்சிய அயலார் நோயாளர் வீடுகளை ஒதுக்கினர்.

இக்காலத்திற் பிறந்த குழந்தைகள் சிலர் தலைநிமிரவும் பேசவும் இயலாதிருந்தனர். மீனை உண்டறியாத இவர்களுக்கு நேர்ந்தது வேறு நோயென்றே கூறப்பட்டது. எம்மவர் நஞ்சுக்கொடி என வழங்கும் உறுப்பு நஞ்சைச் சிசுவிடம் செல்லவிடாது என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை.

தாய்மார் அதனை ஏற்கவில்லை. 1961இல் ஹரதா மசசூமி என்னும் இளம் மருத்துவர், நோயுற்ற இரு சகோதரரைக் கண்டார். தாம் கருவுற்றிருந்தபோது உண்ட மீனே இளையவனைத் தாக்கியது என்றார் அவர்களின் தாய். 1962இல், இறந்த குழந்தையொன்றின் உடற்பரிசோதனையின் பின், அவர் கூற்று மெய்யாயிற்று. யப்பானியர் மரபுப்படி பேணிவைத்த தொப்புட்கொடிகளிலும் பின்னர் அந்நஞ்சு கண்டறியப்பட்டது. தாய்க்கு இலேசான நோய்க்குறியே தோன்றியவிடத்தும் குழந்தை கடுமையாகத் தாக்குண்டிருந்தது.

கம்பெனியோ அறியாமையால் வாளாவிருக்கவில்லை. 1959இல் அதன் வைத்தியசாலை மருத்துவரே தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டி உண்மையைக் கண்டார், அது மறைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பின்னர் எக்காரணம் வெளிப்படினும் மேலும் நட்டஈடு கோருவதில்லை என்ற நிபந்தனையுடன், நோயாளருக்கு 'அனுதாபப் பணம்' வழங்கப்பட்டது. 1968இல் அவ்வுற்பத்தி நின்றபின்னரே அரசாங்கம் காரணத்தை ஏற்றது. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அவ்வொப்பந்தம் செல்லாதெனத் தீர்த்து, கம்பெனியைப் பொறுப்பாளியாக்கியது.

2013இல் உருவான பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரையே தாங்குகின்றது. ஆயின் ஆய்வுகூடங்கள் கூறுமுன்னரே ஏழைத் தாயொருத்தி உண்மையைக் கூறினாள் என்பதை நாம் மறத்தலாகாது. கருவுற்ற பெண் பருகும் நீரையும் உண்ணும் உணவையும் பற்றி முறையிடும்போது செவிகொடாத சமுதாயம், பின்னர் எத்துணைப் பணம் ஈந்தாலும் அக்குழந்தைகளின் கடனைத் தீர்க்கமாட்டாது.